இடம் எழுதாத சீட்டு

இடம் எழுதாத பொருள் குப்பை. முப்பது வருடமாக மண்ணைத் தோண்டிப் பிழைக்கிற எனக்கு வேதம் என்று ஏதாவது உண்டென்றால் இது ஒன்றுதான். ஆணியோ, எலும்போ, உடைந்த கிண்ணமோ, எந்தக் குழியில் எந்த மண் அடுக்கில் கிடைத்தது என்று சீட்டில் எழுதாவிட்டால் அது வாயில்லாப் பொருள். நெதர்கோம்ப் என்ற ஆங்கிலக் கிராமத்து வயலில் வேலை தொடங்கிய முதல் நாளே மோரீனிடம் இதற்காகச் சீறினேன். 'இடம்' என்ற வரியைக் காலியாக விட்டு ஒரு சீட்டை என்னிடம் நீட்டியிருந்தார். அதோடு இருந்த பானைத் துண்டை அவர் கண்முன்னாலேயே மண்மேட்டில் எறிந்தேன். எழுபத்திரண்டு வயதுப் பெண்மணியிடம் அப்படி நடந்திருக்க வேண்டாம்தான். என் குணம் அப்படி.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து அவர் எழுதிய சீட்டுகளில் ஒரு புள்ளி குறை சொல்ல முடியாது.

மோரீனும் அவர் கணவர் டென்சிலும் அந்தக் கிராமத்துக்காரர்கள். பிள்ளைகள் இல்லை. சம்பளம் இல்லாமல் உதவி செய்ய வந்தவர்கள். மோரீன் கூடாரத்தில் உட்கார்ந்து கிடைத்ததையெல்லாம் பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவிச் சீட்டு எழுதுவார். டென்சில் நாற்பது வருடம் பால் வண்டி ஓட்டியவர். இப்போது தள்ளுவண்டியில் மண் சுமந்தார்.

"ரோமாக்காரன் சொகுசா வீட்டக் கட்டி வாழ்ந்துட்டுப் போயிட்டான். மண்ணள்ள மாட்டிக்கிட்டவன் நான்," என்பார்.

"வீட்டுல குப்பைத் தொட்டிய வாசல்ல வைக்கச் சொன்னா இடுப்பு வலிங்கற. இங்க மட்டும் எப்படிடா சுமக்கற?" என்று கூடாரத்திலிருந்து குரல் வரும்.

அந்த வயலில் இருந்தது ரோமானியர் காலத்துப் பண்ணை மாளிகை. வண்ணக் கல் பதித்த தரையும், வெந்நீர் அறையும் முந்தைய கோடைகளிலேயே கிடைத்துவிட்டன. பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்த வருடம் எங்களுக்கு மிஞ்சியது பின்கட்டு, சமையலறைச் சுவர். யாரும் படம் எடுக்க வராத இடம்.

மூன்றாம் வாரம் அந்தச் சுவரோரம், கூரைத் தண்ணீர் சொட்டியிருக்கும் இடத்தில், ஒரு கூரை ஓடு கவிழ்த்து வைத்தாற்போல் கிடந்தது. தூக்கினேன். அடியில் பிறந்த குழந்தை ஒன்றின் எலும்புகள், முழங்காலை மடக்கிப் படுத்தபடி. விலா எலும்பு தீக்குச்சி அளவுதான். ஆயிரத்து எழுநூறு வருடம் அப்படியே இருந்திருக்கிறது.

படம் எடுத்து, வரைந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கூடாரத்துக்குக் கொண்டுபோனேன். மோரீன் வெகுநேரம் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் பக்கத்துலயேவா பொதைச்சாங்க?"

"ஆமா. பச்சைக் குழந்தைன்னா ஊர் இடுகாட்டுக்குக் கொண்டுபோக மாட்டாங்க. வீட்டோடயே வெச்சுக்குவாங்க. கூரைக்குக் கீழ."

"மழை படாம ஓடு வேற வெச்சிருக்காங்க," என்றார் மோரீன். பிறகு பிரஷ்ஷை வைத்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு இருக்கு, ஹாரியட்," என்றார்.

ஐம்பத்தோரு வருடம் முன்பு, மார்ச் மாதம். மருத்துவமனையில் இறந்தே பிறந்த பெண் குழந்தை. முகத்தைக்கூடக் காட்டாமல் துணியில் சுற்றி எடுத்துப்போய்விட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான். பார்த்தால் மறக்க முடியாதாம். டென்சில்தான் பாதிரியாரிடம் கெஞ்சி, பெட்டியைக் கொண்டுவந்து, ஊர் மாதாகோயில் தோட்டத்தில், யூ என்கிற பழைய பசுமை மரத்தடியில் சத்தமில்லாமல் புதைத்தாராம். கல் வைக்க அனுமதி இல்லை. மோரீனுக்கு இடம் தெரியும், அது போதும். வருடா வருடம் மார்ச்சில் இருவரும் ப்ரிம்ரோஸ் பூ கொண்டுபோய் வைப்பார்கள்.

"என் இதயம் இனி ரொம்ப நாள் ஓடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த மரத்தடியத்தான் எனக்குக் கேட்டு வாங்கியிருக்கேன். ஆனா குழி வெட்டறவன் மண்வெட்டி அவ மேல பட்டுடுமோன்னு பயமா இருக்கு. அன்னைக்கி நீ வருவியா? அவள நீ எடுத்து, அப்புறம் என் பக்கத்துல வெச்சிடுவியா?"

"வரேன்."

"எலும்பு இருக்குமா இன்னும்?"

"இங்க மண்ணு பூராச் சுண்ணாம்பு. ஆயிரத்தெழுநூறு வருஷம் தாங்கினது அம்பது வருஷம் தாங்காதா? இருக்கும்," என்றேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. பிறருக்கு உபயோகமாக என் தொழில் எதையும் செய்ததாக எனக்கு நினைவில்லை.

மறுநாள் காலை டென்சில் காலி வண்டியோடு என் குழிக்கு வந்தார். தமாஷ் எதுவும் இல்லை.

"அவகிட்ட வரேன்னு சொன்னியாமே. அங்க ஒண்ணும் இல்லம்மா."

எனக்குப் புரியவில்லை.

"நர்ஸம்மா ஒரு அட்டைப் பெட்டியக் கையில குடுத்து, கீழ பின்வாசல்ல ஆள்கிட்ட குடுத்துடு, மத்தத நாங்க பாத்துக்கறோம்னாங்க. குடுத்தேன். எங்க கொண்டுபோறீங்கன்னு கேக்கத் தோணல. இருபத்திநாலு வயசு. கோட்டுப் போட்டவங்க சொன்னா சரின்னு கேட்டு வளந்தவன். வீட்டுக்கு வந்தா அவ சுவத்தப் பாத்துப் படுத்திருக்கா. மூணு நாளா சாப்பிடல. எங்கன்னு கேட்டா. யூ மரத்தடியிலன்னு சொல்லிட்டேன். எந்திரிச்சி உக்காந்து சூப்பு குடிச்சா."

"அப்புறம் தேடலயா?"

"பத்து வருஷம் கழிச்சுப் போனேன். ஆஸ்பத்திரிக் கட்டடத்தையே இடிச்சிட்டாங்க. பதிவேடெல்லாம் எங்கயோ போச்சாம்." தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "எலும்பு மக்கிப் போயிருக்கும்னு சொல்லிடு. நீ சொன்னா நம்புவா."

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். அவருக்கு அன்றைக்கு அந்தப் பொய்தான் மனைவிக்குச் சோறு ஊட்டியது. அதை நான் எப்படிக் குறை சொல்வேன்? சொல்லிவிடுகிறேன் என்றேன்.

தேநீர் இடைவேளையில் மோரீனிடம் போனேன். "அந்த யூ மரத்தடியப் போய்ப் பாத்தேன்," என்று ஆரம்பித்தேன். போகவே இல்லை. "இலை விழுந்து விழுந்து மண்ணு புளிச்சிருக்கு. அதுல சின்ன எலும்பு நிக்காது. கரைஞ்சிருக்கும். நான் வந்தாலும் எடுக்க ஒண்ணும் இருக்காது."

மோரீன் கையில் ஒரு சீட்டு இருந்தது. அதை முடித்து, பையில் போட்டு, முடிச்சுப் போட்டார்.

"மூணு வாரமா என்னை மண்ணைப் பத்தி எழுத வெச்சது நீ," என்றார் நிதானமாக. "அந்தக் கோயிலும் இதே குன்றுதான். அதே சுண்ணாம்பு. நேத்து இருக்கும்னே, இன்னிக்கி கரைஞ்சிடுச்சுங்கற. உனக்குப் பொய் சொல்ல வராது கண்ணு. யாரு சொல்லச் சொன்னா?"

என் கண் டென்சில் நின்ற மண்மேட்டுப் பக்கம் போனதை அவர் பார்த்துவிட்டார்.

எழுந்து டென்சிலிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன், போயிருக்கக் கூடாது.

"அவள எங்க வெச்ச?"

டென்சில் வண்டியின் பிடியை விடவில்லை. "தெரியாது, மோரீன்."

"யூ மரத்தடியில?"

"இல்ல. பின்வாசல்ல குடுத்துட்டேன். ஒரு ஆள்கிட்ட. பேருகூடத் தெரியாது."

மோரீன் அழவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். "வருஷா வருஷம் என்கூட வந்தியே. அந்த வெறும் மண்ணு முன்னாடி தொப்பியக் கழட்டிட்டு நின்னியே."

"அவளுக்காகத்தான் கழட்டினேன்," என்றார் டென்சில். "எங்க இருந்தாலும்."

மோரீன் தனியாக நடந்து வீட்டுக்குப் போனார். ஒரு வாரம் இருவரும் வரவில்லை. கூடாரத்தில் கழுவாத பானைத் துண்டுகள் தட்டுத் தட்டாகக் குவிந்தன. என்னால்தான் எல்லாம் என்று எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது. நன்றாகப் பொய் சொல்லத் தெரியாதவள் சொல்லியிருக்கக் கூடாது. உண்மை பேசத் தைரியம் இருந்திருந்தால் அதையாவது செய்திருக்கலாம்.

கடைசி நாள் குழிகளை மூடும் நாள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மூடும் முன் குழியின் அடியில் அந்த வருடத்து நாணயம் ஒன்றை வைப்போம். நாளைக்கு இன்னொருவன் தோண்டினால், இவர்கள் இங்கே ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக. நான் நாணயத்தோடு சமையலறைச் சுவரோரம் இறங்கியபோது மோரீன் மேலே நின்றிருந்தார். சற்றுத் தள்ளி, வண்டியில் மண்ணோடு டென்சில். ஒன்றாகத்தான் வந்திருந்தார்கள், பேசிக்கொண்டார்களா என்று தெரியவில்லை.

"இதையும் வெச்சிடறியா?" என்று மோரீன் ஒரு பையை நீட்டினார். உள்ளே எங்கள் சீட்டு ஒன்று. நனைந்தாலும் அழியாத அந்தச் சீட்டில், அதே திருத்தமான கையெழுத்து.

பொருள்: குழந்தை, பெண். தேதி: 1967 மார்ச் 9. எடுத்தவர்: மோரீன். இடம் என்ற வரியில் ஒன்றும் இல்லை.

"அது மட்டும் தெரியல," என்றார். "தூக்கிப் போட்டுடுவியோ?"

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். குழந்தை கிடந்த சின்னப் பள்ளம் இன்னும் தெரிந்தது. அதன் எலும்புகள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. ஓடு மட்டும், அளவெடுத்து முடிந்து, சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதையும் பெட்டியில் போட வேண்டும் என்பது விதி. பையை உள்ளே வைத்து, ஓட்டை அதன்மேல் கவிழ்த்தேன்.

டென்சில் வண்டியை விளிம்புக்குக் கொண்டுவந்தார். கவிழ்க்காமல், குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினார்.

"இரு," என்றார் மோரீன். "தொப்பியக் கழட்டு."