புதன்கிழமைப் பள்ளிக்கூடம்

செக்கானூரணியில் என் மகளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, ஊர்சுத்தி. பத்து வயதுப் பிள்ளைக்கு இப்படி ஒரு பெயர். தவமணி என்று நான் ஆசையாக வைத்தது ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அது தெரிந்தும் தெருவில் நாலு பேரிடம் மல்லுக்கு நின்றவள் நான்.

என் பெயர் முனீஸ்வரி. பி.எஸ்சி., பி.எட். இரண்டாம் வகுப்போடு அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியது நான்தான். ஒன்றுக்குப் போகணும் என்று கேட்ட பிள்ளையை, பாடம் முடியட்டும் என்று நிற்க வைத்துவிட்டார்கள். நின்ற இடத்திலேயே போய்விட்டாள். வகுப்பே சிரித்திருக்கிறது, டீச்சரும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். மறுநாளே போய் டி.சி. வாங்கிவிட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் நான் செய்தது சரி என்றுதான் சொல்வேன்.

அதிலிருந்து படிப்பெல்லாம் வீட்டில்தான். புதன்கிழமை மட்டும் புத்தகத்தைத் தொட மாட்டோம், எங்கேயாவது கிளம்பிவிடுவோம். பரவை மார்க்கெட்டில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவள் அரை, கால், அரைக்கால் எல்லாம் படித்தாள். பேரையூர் வரை பஸ்ஸில் போய்க் கரிசல் மண்ணை அள்ளிவந்து, எங்கள் ஊர்ச் செம்மண்ணையும் அதையும் இரண்டு டப்பாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, எது சீக்கிரம் குடிக்கிறது என்று பார்த்தோம். முதலில் மதுரையிலிருந்து இன்னொரு வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர், இவளைப் போலவே வீட்டில் படிக்கிறவர்கள், கூட வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் அப்பாவுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலான பிறகு நாங்கள் இருவர்தான். எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் சிவக்குமாருக்குத் தெரிந்தது. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவனெல்லாம் "என்ன மாப்ள, பிள்ளைய மாடு மேய்க்க விட்டுட்டியா?" என்று கேட்டுக் கேட்டு மனுஷன் நொந்துபோயிருந்தார். 2004 தை மாசம், ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றில் கை வைக்காமல் பேசினார்.

"இந்த புதன்கிழமை நானும் வாரேன். பிள்ள தேறியிருந்தா இனிமே வாயத் தொறக்க மாட்டேன். இல்லையின்னா ஜூன்ல பள்ளிக்கூடம். அப்புறம் நீ அழுகப்பிடாது."

"தாராளமா வாங்க. கண்ண நல்லாத் தொறந்து வச்சுக்கிட்டு வாங்க" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. பிள்ளையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களே என்று புரண்டு புரண்டு படுத்தேன்.

கீழக்குயில்குடிக்கு வண்டியில் போனோம். கருப்பசாமியைக் கும்பிட்டுவிட்டுச் சமணர் மலைப் படியேறினோம். மேலே பாறையில் வரிசையாக உருவங்கள் செதுக்கியிருக்கும், சில உட்கார்ந்தபடி, சில நின்றபடி. நான் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"புத்தரா இது?" என்று மகளிடம் கேட்டார் அவர்.

"எல்லாரும் அப்புடித்தான்ப்பா நெனைப்பாங்க. தலைக்கு மேல பாருங்க, ஒண்ணுக்கு மேல ஒண்ணா மூணு குடை. முக்குடை இருந்தா சமணரோட தீர்த்தங்கரர். கீழ இருக்கது வட்டெழுத்து. யாரு செஞ்சு குடுத்தாங்கன்னு பேர் போட்ருக்காங்க. நம்ம கோயில் டியூப்லைட்ல உபயம்னு போடுறோம்ல, அது மாதிரி."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா சொல்லிக் குடுத்துச்சா?"

"இல்லப்பா. போன தடவ வந்தப்ப, இதுல எல்லாத்துக்கும் பொதுவா என்ன இருக்குன்னு மட்டும் கேட்டாங்க. குடைய நானேதான் கண்டுபிடிச்சேன்."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அன்றைக்குக் காக்கையின் புருஷனுக்கும் அப்படித்தான் தெரிந்தது. "நான் தோத்துட்டேன்டி முனீசு" என்றார். "இனி எவனாச்சும் கடையில வந்து பேசட்டும், இருக்கு அவனுக்கு." எனக்குக் கால் தரையில் பாவவில்லை. புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

அப்போதுதான் கீழேயிருந்து சத்தம் கேட்டது. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுற்றுலா வந்திருந்தார்கள். கட்டம் போட்ட யூனிஃபார்ம் போட்டு, இரண்டிரண்டு பேராகக் கைகோத்துக்கொண்டு மேலே ஏறிவந்தார்கள். மூன்று வகுப்பாவது சேர்ந்திருக்கும். நான் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்து, தவமணிக்குக் கை கழுவிவிடலாம் என்று திரும்பினால் ஆளைக் காணோம்.

வரிசையின் கடைசியில் ஜோடி இல்லாமல் ஒரு பிள்ளை வந்திருக்கிறது. அது கையை நீட்டியிருக்கிறது, இவள் போய்ப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது.

ஒரு டீச்சர் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். இவளுடைய சிவப்புச் சட்டையைப் பார்த்து, "பர்த்டேயா?" என்றாள். இவள் ஆமாம் என்று தலையாட்டினாள். இவள் தலையையும் தொட்டு எண்ணிவிட்டுப் போனாள்.

"ஏய், அங்க போயி நிக்கிது பாரு" என்று அவர் எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

டீச்சர் பாறையைக் காட்டினாள். "இவர்தான் புத்தர். எல்லாரும் சொல்லுங்க, யாரு?"

என் மகள் வாயைத் திறக்கப் போகிறாள், 'மிஸ், மேல குடை இருக்கு' என்று சொல்லப் போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"புத்தர்!" என்று எல்லாரோடும் சேர்ந்து கத்தினாள்.

"எனக்குக் கேக்கல."

"புத்தர்!" கழுத்து நரம்பு புடைக்கக் கத்திவிட்டு, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். பெற்றவள் சொல்கிறேன், அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. புளிச்சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே நான் அழுதேன்.

அவர்கள் இறங்கும்போது அவளும் அந்தக் கையை விடாமலே இறங்கினாள். நாங்கள் இரண்டு பேரும் யாரோ எவரோ மாதிரி பின்னால் போனோம். பஸ் ஏறும் இடத்தில்தான் டீச்சருக்கு விஷயம் தெரிந்தது. கோபித்துக்கொள்ளவில்லை, கன்னத்தைத் தட்டி அனுப்பிவைத்தாள். பஸ் மறைகிற வரைக்கும் இவள் கையாட்டினாள்.

மலையடியில் இருக்கும் குளத்துப் படியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அந்த மிஸ் என்னையும் சேத்து எண்ணுனாங்கம்மா."

எனக்கு ஒரே பிள்ளை. எண்ண வேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்லை.

என் முகத்தைப் பார்த்து அவர் பதறிவிட்டார். "சின்னப்பிள்ள வெளையாட்டு முனீசு. இதப் போயிப் பெருசா எடுக்காத. நாஞ் சொன்ன சொல்லு சொல்லுதான். ஓங்கிட்டயே படிக்கட்டும்."

நான் ஜெயித்துவிட்டேன் என்று அந்த மனுஷனே சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேணாங்க" என்றேன். "ஜூன்ல பள்ளிக்கூடத்துல சேத்துருவோம்."

"நெசமாவாம்மா?" என்று துள்ளி எழுந்தாள் தவமணி. இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்து, நெற்றி, கன்னம், மூக்கு என்று மாறி மாறி முத்தம் கொடுத்தாள். மூன்று வருஷத்தில் ஒரு புதன்கிழமைக்கும் அவள் எனக்கு அப்படி முத்தம் கொடுத்ததில்லை.