வெறும் ஆவிதான்

பவளராணிக்கு ஆவி பிடிப்பதில் அப்படியொரு நம்பிக்கை. தடிமன் என்றாலும் ஆவி, தலையிடி என்றாலும் ஆவி. கொதிதண்ணீர்ப் பானைக்கு முன்னால் ஆளை இருத்திப் போர்வையால் மூடிவிட்டாளென்றால், உள்ளே இருப்பவர் "காணும், போதும்" என்று கத்தினாலும் இரக்கம் காட்டமாட்டாள். இத்தாலியில், பிரான்காச்சோவில் அவர்கள் இருந்த மாடிக்குடியிருப்பில் அவளுடைய போர்வைக்குத் தப்பிய தமிழர்கள் குறைவு.

அப்படிப்பட்டவளை ஏமாற்றப் பெரிய தந்திரம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஒரு சொல் போதுமாயிருந்தது. 2013இல் அவளுடைய நச்சரிப்புத் தாங்காமல் புருசன் ரஜீவன் சிகரெட்டை விட்டான். அதற்குப் பதிலாக ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் மின்சாரச் சிகரெட் ஒன்றை வாங்கினான். பார்வைக்கு அது தடித்த பேனை மாதிரி இருந்தது. கூடப் போயிருந்த பவளராணி இது என்ன சாமான் என்று கேட்டாள். "சோலோ வாப்போரே, சிஞோரா" என்று கடைக்காரன் பல்லைக் காட்டினான்.

வாப்போரே அவளுக்குத் தெரிந்த சொல். கால்சாவில் அவள் வேலைசெய்யும் வீட்டில் ஆவி விடுகிற அயன்பெட்டிக்கும் அதே சொல்தான். வெறும் ஆவிதான், சிஞோரா! போதாததற்கு யூக்கலிப்டஸ் மணம் வேறு. பானையும் வேண்டாம், போர்வையும் வேண்டாம், கைக்கடக்கமாக ஆவி பிடிக்க ஒரு கருவி. வெள்ளைக்காரன் மூளையே மூளை என்று வியந்துகொண்டு வீடு வந்தாள்.

கொஞ்ச நாளில் ரஜீவன் புதிதாக இன்னொன்று வாங்க, பழையது, அதற்குள் ஊற்றுகிற தண்ணீர்க் குப்பிகளோடு, மேசை லாச்சிக்குள் கிடந்தது. அந்த மாரியில் பதினான்கு வயது மகள் வேணுகாவுக்கு இருமல் பிடித்தபோது பவளராணி லாச்சியைத் திறந்தாள்.

"ஆழமா இழு பிள்ளை. நெஞ்சுக்குள்ளை போகட்டும்."

பானையைக் கண்டால் ஓடி ஒளிகிற பிள்ளை, இதற்கு மட்டும் சில நாளிலேயே கூப்பிடாமல் வந்து நின்றது. தாய்க்கு உள்ளூரப் பெருமை. உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு எல்லோரும் படுத்த பிறகு வீடு வருகிற ரஜீவனுக்கு இது எதுவும் தெரியாது.

மாரி போயிற்று, இருமல் போகவில்லை. மாடிப்படி ஏறினால் பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். மூக்குக்கும் மூச்சுக்குழாய்க்கும் உள்ளே ஒரே மாதிரித் தோல்தான் என்று சொல்லி, டொக்டர் அம்மா சின்னத் தூரிகையால் வேணுகாவின் மூக்குக்குள் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்டிலை ஆராவது சிகரெட் பத்துறவையோ எண்டு கேக்கிறா," என்றாள் வேணுகா. பொலிஸ் கந்தோரான குவெஸ்தூரா தொடக்கம் ஆஸ்பத்திரி வரை பவளராணிக்கு வாய் அவள்தான்.

"இல்லையெண்டு சொல்லு. அப்பா விட்டிட்டார், இப்ப ஆவிதான் பிடிக்கிறார். உனக்கும் நான் காலமையும் பின்னேரமும் விடாமல் தாறன் எண்டு சொல்லு."

வேணுகா டொக்டரைப் பார்த்து, "நோ" என்றாள்.

இவ்வளவு நீளமாகச் சொன்னதற்கு ஒரு "நோ"வா? பவளராணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தாயின் வைத்தியத்தைச் சொல்லப் பிள்ளைக்கு வெட்கமாக்கும் என்று நினைத்தாள். டொக்டருக்குக் காட்டவென்று கொண்டுவந்திருந்த கருவியைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். மகளின் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "வாப்போரே!" என்றாள்.

டொக்டர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கருவியைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த துண்டை வாசித்தார். "நிக்கோத்தீனா" என்றார். அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவர் மேசையிலிருந்த கணினித் திரையைத் திருப்பினார். முதலில் சுகமான ஒருவருடைய தோல். மெல்லிய முடிகள் எல்லாம் ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக நிமிர்ந்துகொண்டிருந்தன. டொக்டர் சொல்லச் சொல்ல வேணுகா தலையைக் குனிந்தபடி தமிழில் சொன்னாள்.

"இந்த முடியள் ஓயாமல் கூட்டிக்கொண்டிருக்குமாம், அம்மா. தும்புத்தடி மாதிரி. தூசியையும் சளியையும் மேலை தள்ளி வெளியிலை விடுமாம். சிகரெட் புகை அதுகளைக் கட்டையாக்கிப்போடும். இந்தச் சாமானைப் பற்றி இன்னும் முழுக்கத் தெரியாதாம். ஆனா இதுவும் அதுகளைச் சோர வைக்குதாம்."

அடுத்த படம் வந்தது. அங்கங்கே ஒன்றிரண்டு முடிகள் நடுங்கின. மற்றவை படுத்துக் கிடந்தன.

"இது ஆற்றை?"

"என்ரை."

பவளராணி கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை, பெற்றவளே ஆழமாக இழு, ஆழமாக இழு என்று பக்கத்தில் நின்று ஊட்டியிருக்கிறாள். இப்போதே நிறுத்தினால் அந்த முடிகள் தேறிவரும் என்று டொக்டர் சொன்னதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ரஜீவனின் முகத்தில் எறிவதற்காகக் கருவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பிள்ளையுடன் பஸ் ஏறினாள்.

"அம்மாவுக்குத் தெரியாமல் போச்சுது, பிள்ளை. இனி ஒருநாளும் தரமாட்டன்."

"எனக்குத் தெரியும்," என்றாள் வேணுகா.

"என்ன தெரியும்?"

"அது சிகரெட் எண்டு. முதல் நாளே தெரியும். பள்ளிக்கூடத்திலை எல்லாருக்கும் தெரியும்."

"பின்னை ஏனடி சொல்லேல்லை?"

"முதல் பகிடியா இருந்தது. பிறகு... சொன்னா நிப்பாட்டிப்போடுவீங்கள்."

பவளராணி மகளின் பக்கம் திரும்பினாள். மகளின் கை மெல்ல வந்து கைப்பையின் மேல் இருந்தது.

"ஆஸ்பத்திரி அவசரத்திலை காலமை தரேல்லை, அம்மா. தலை இடிக்குது. இண்டைக்கு மட்டும். ஒருக்கா."

பவளராணி கைப்பையை நெஞ்சோடு சேர்த்து இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தாள். பிள்ளை அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கத் தொடங்கினாள்.