இடப்பக்க மழை

பாயான் பாரு நகரில் குழாய்த் தண்ணீர் நின்றுபோன வாரத்தில் ஹென்றியின் கார் மேல் மட்டும் மழை பெய்ததை யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. இரண்டு வருடமாகவே அது அப்படித்தான் பெய்துகொண்டிருந்தது. கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் பழைய கார் விற்கும் சீனி முகம்மதுவிடம் அந்த நீலக் காரை வாங்கியபோதே அதன் பாட்டுப் பெட்டிக்குள் ஒரு சிடி சிக்கிக் கிடந்தது. யாரோ ஒரு பிரெஞ்சுப் பாடகியின் ஆல்பம். என்ன செய்தும் வெளியே வரவில்லை. எஞ்சினை முடுக்கினால் பாட ஆரம்பித்துவிடுவாள். சீனி முகம்மது ஓட்டிக் காட்டியபோது வானம் சும்மா இருந்தது. அவர் கவலை என்றால் என்னவென்றே அறியாத மனிதர். ஹென்றி உட்கார்ந்து, வீடு திரும்பும் கடல் பாலத்தில் ஏறியதும் காரின் அகல நீளத்துக்கு மட்டும் மழை பிடித்துக்கொண்டது. உரசிக்கொண்டு போன மோட்டார் சைக்கிள்காரர்கள் நனையவில்லை. பாட்டு மட்டும் போதாது, காருக்குள் ஒரு துக்கமும் இருக்க வேண்டும் என்பது நாளடைவில் எல்லோருக்கும் விளங்கியது. இனிமேல் கார் கழுவ வேண்டாம் என்று ஹென்றி அதை அதோடு விட்டுவிட்டார்.

பிரெஞ்சில் அவருக்கு ஒரு சொல் தெரியாது. ஹோட்டலில் வேலை செய்யும் அக்கா மகள் கிளாரிஸ்தான் கேட்டுச் சொன்னாள்: முதல் பாட்டில் காதல் வருகிறது, இரண்டாவதில் போய்விடுகிறது, மீதி ஒன்பது பாட்டும் அது ஏன் போனது என்ற விசாரணை. ஹென்றியின் காதலோ முதல் பாட்டையே தாண்டவில்லை. அதே பிளாட்டின் நான்காம் மாடியில் குடியிருக்கும் பாலர் பள்ளி ஆசிரியை மார்த்தாவை அவர் விரும்புவது ஞாயிறு பூசைக்கு வரும் அத்தனை பேருக்கும் தெரியும்; மார்த்தாவிடம் சொல்லத்தான் ஐம்பத்திரண்டு வயதிலும் நாக்கு எழவில்லை. மார்த்தாவின் கணவர் கிளிஃபர்ட் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அன்றைக்கு மார்த்தாவின் கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை, கல்நெஞ்சுக்காரி என்று பேசினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அவர் காப்பி கலந்துகொண்டே இருந்தார், பாவம், அழ நேரம் வாய்க்கவில்லை.

தண்ணீர் நின்றதும் பிளாட் மொத்தமும் வாளியோடு கீழே இறங்கியது. ஹென்றி வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பாட்டை ஓடவிட்டுக் காருக்குள் சோகமாக உட்கார்ந்திருந்தார். நல்ல தண்ணீர்தான். அதில் துவைத்த துணி காய நேரமெடுத்தது. அதில் சோறு வடித்துத் தின்றவர்கள் காரணமில்லாமல் பெருமூச்சு விட்டார்கள். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் மார்த்தாவின் வாளிகளை நான்கு மாடி தூக்கிக்கொண்டு போய் வைத்த ஹென்றி, மூச்சு வாங்கும்போதே கேட்டுவிட்டார்.

"டீச்சர், நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"நாளைக்குச் சொல்றேன்," என்று மார்த்தா சிரித்தார்.

அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது. மறுநாள் பாடகி தொண்டை கிழியப் பாடியும் காரின் மேல் ஒரு பொட்டுத் தூறல் இல்லை. ஹென்றி எவ்வளவோ முயன்றார். செத்துப்போன நாயை நினைத்துப் பார்த்தார். அப்போதும் சிரிப்பில் பல்லெல்லாம் தெரிந்தது; கடைசியில் எஞ்சினை அணைத்துவிட்டார். வாளிகளோடு நின்றவர்களின் முகம் கறுத்தது. குடியிருப்புச் சங்கத் தலைவர் கார்த்திகேசு நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு நான்காம் மாடிக்கு ஏறினார்.

"டீச்சர், தண்ணி வர்ற வரைக்கும் வேணாம்னு சொல்லிடுங்கலா. பைப்புல வந்ததும் சரின்னு சொல்லிக்கலாம். பச்சப் புள்ளைங்க குளிக்காம கெடக்குது."

மார்த்தா படியிறங்கினார். அவர் வருவதைப் பார்த்ததும், பின்னால் வந்த கூட்டத்தின் முகத்தையும் பார்த்ததும், ஹென்றிக்கு, இவ்வளவு வருடம் போலவே கேட்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. மார்த்தா இடப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார்.

"பாட்டப் போடுங்க, ஹென்றி."

"வேணாம்னு சொல்லத்தான் வந்தீங்களா, டீச்சர்?"

"ஒங்களுக்குச் சரின்னுதான் சொல்லப்போறேன். ஆனா கிளிஃபர்ட்கிட்ட மொதல்ல சொல்லிட்டு வரணும்ல."

மூன்றாவது பாட்டில் ஆரம்பித்தது. காரின் இடப் பாதியில் மட்டும், ஆறு வருடத்து மழை, கொட்டோ கொட்டென்று கொட்டியது. வலப் பாதியில் வெயில் காய்ந்தது. மார்த்தா கிளிஃபர்டின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். ஹென்றி பாட்டை நிறுத்தவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கைக்குட்டையை மட்டும் நீட்டினார். சந்தோஷத்தில் இருக்கிற மனிதனுக்கு அது எத்தனை சிரமம் என்பது உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வெளியே கார்த்திகேசு எல்லோரையும் இடப்பக்கமாக வரிசையில் நிறுத்தினார். ஒரு வாளியும் காலியாகத் திரும்பவில்லை. சாயங்காலம் குழாயிலும் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் அழுது முடியும் வரை யாரும் கதவைத் தட்டவில்லை.

அடுத்த மாதமே கல்யாணம் நடந்தது. சிடி இன்னும் வெளியே வரவில்லை. கிளிஃபர்டின் நினைவு நாளன்று காலையில் ஹென்றி காரின் இடப்பக்கத்தைக் கீழ்வீட்டுச் செடிகளுக்கு நேராகத் திருப்பி நிறுத்திவிட்டு, மார்த்தாவைக் கூப்பிடுகிறார்.