தலைமாட்டுக் கல்

யதுர்ஷனின் ஓட்டோ ஓடுவது பாதி பெற்றோலில், பாதி அவனுடைய வாயில். நிலாவெளி ஹோட்டல்களில் தங்கும் வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு தூணடிப்பிட்டிக்குப் போவான். திருகோணமலை டவுனுக்கு வெளியே ஆறேழு மைலில் இருக்கிற பழைய இடம் அது. இடிந்த செங்கல் மேடு ஒன்று, சரிந்தும் நிமிர்ந்தும் பன்னிரண்டு கற்றூண்கள், சுற்றிவரப் பற்றை, அதற்கு அப்பால் ஆட்கள் திரும்பி வந்து கட்டிய சில வீடுகள். எந்தக் காலத்துத் தூண், யார் நட்டது என்று படித்தவர்களே இன்னும் பிடுங்குப்பட்டுக்கொண்டிருக்க, இவன் மட்டும் அரசன் காலையில் என்ன சாப்பிட்டான் என்பது வரைக்கும் அளந்து விடுவான். அவனை மட்டும் குறை சொல்லி என்ன, கேட்கிறவர்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் அவனுடைய ஓட்டோவில் ஏறியது ஒரு முஸ்லிம் பெண். அறுபது வயது தாண்டியிருக்கும். பெயர் றுக்கியா. புத்தளத்தில் இருக்கிறவர், கிண்ணியாவில் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்கு வந்திருக்கிறார்.

“தூணடிக்குப் போகேலுமா, மகன்?”

“ஓம் அம்மா, ஏறுங்கோ. இடிபாடு பாக்கவோ?”

“இல்ல மகன். என்ட மகள் அங்கதான் இரிக்கா.”

வழியில்தான் விஷயம் விளங்கியது. அவருடைய வீடு அந்தக் காலத்தில் தூணடியில் இருந்ததாம். மகள் றஹ்மா நாலு வயதில் காய்ச்சல் வந்து மௌத்தாகிப் போனாள். அடுத்த வருடமே பிரச்சினை வந்து, உடுத்த உடுப்போடு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் வருகிறார்.

“தலைமாட்டில இருந்து ஒரு யாசீன் ஓதிட்டுப் போனாப் போதும். நாளைக்குப் புத்தளம் போயிடுவன். இனி ஒருக்கா வர இந்த முழங்கால் விடாது.”

“இடம் தெரியுமோ அம்மா?”

“தூணுகளுக்குத் தெக்கால, ஒரு பாலை மரத்துக்குக் கீழ. தலைமாட்டில ஒரு மீசான் கல்லு, கால்மாட்டில ஒண்டு. மத்தக் கபுறுகளுக்கு வெறும் கல்லுதான். இது அவட வாப்பா கருங்கல்லுல, மேல்பக்கத்த வளைச்சுச் செதுக்கி நட்டது. பாத்தா விளங்கும்.”

யதுர்ஷன் ஓட்டோவின் வேகத்தைக் குறைத்தான். மேல்பக்கம் வளைந்த அந்தக் கருங்கல்லை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் பற்றைக்குள் அப்படி ஒரு சோடிக் கல்லைக் கண்டான். அரசன் குந்தியிருந்த ஆசனம் இதுதான் என்று வெள்ளைக்காரருக்கு ஒரு கயிறு திரித்தான். கதை எடுபட்டது. ஆனால் முதல் நாள் வந்தவர்களைத் தவிர, காரைமுள்ளுக்குள் இறங்க மற்ற எல்லோரும் பஞ்சிப்பட்டார்கள். அதனால் சோடியில் ஒன்றைக் கிளப்பி, மேட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமர நிழலில் கொண்டுபோய் நட்டுவிட்டான். அன்றிலிருந்து அது அரசனின் ஆசனம். வந்தவர் போனவர் எல்லோரும் அதில் குந்தி எழும்பினார்கள்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் பிறந்து, கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் ஆயிரம் தரம் ஓடினவன் முஸ்லிம் மையவாடிகளில் கல்லறை அடையாளமாக நிற்கிற மீசான் கல்லைக் காணாமலா இருந்திருப்பான். கிளப்பிய அன்றே மனதில் பட்டது. பற்றைக்குள் கிடக்கிற கல்லை யார் கேட்கப் போகிறார்கள் என்று அதைத் தட்டிவிட்டான். கேட்கிற ஆள் இப்போது பின் சீற்றில் இருந்து, கைப்பையைத் திறந்து மௌத்தானவர்களுக்கு ஓதுகிற யாசீன் கிதாபு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வேப்பமரப் பக்கம் போகாமல் சுற்றுப் பாதையால் கொண்டுபோய் ஓட்டோவை நிறுத்தினான். பாலை மரம் நின்ற அடையாளமே இல்லை. றுக்கியா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பற்றைக்குள் இறங்கினார். கொஞ்ச நேரம் தேடினார். பிறகு ஒரு கல்லுக்குப் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டார்.

“இதுதான், மகன். இதேதான்.” கல்லின் வளைவைத் தடவினார். “மத்தது எங்க? ஒரு கல்ல வச்சு, இது தலையா காலா எண்டு எப்பிடி நான் அறியிற?”

“மண்ணுக்குள்ள தாண்டிருக்கும் அம்மா,” என்றான். சொல்லிக்கொண்டே காலால் சருகைக் கிளறித் தேடுவது போலக் காட்டினான்.

“நான் போய் உளூ செஞ்சிட்டு வாறன். கொஞ்சம் தேடிப் பாருங்க மகன், உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்.” கை கால் முகம் கழுவுவதற்காக அருகில் இருந்த வீட்டுக் கிணற்றடிக்கு மெல்ல மெல்ல நடந்து போனார்.

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், யதுர்ஷன் மேட்டைச் சுற்றி ஓடினான். வேம்படிக் கல்லை ஆட்டிப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். குழி கிண்ட வீல் ஸ்பானரை எடுத்தான். எந்தப் பக்கம் நடுவது என்ற யோசனை அப்போதுதான் வந்தது. ஞாபகத்தைக் கசக்கிப் பிழிந்தாலும் ஒன்றும் வரவில்லை. வடக்கே தலை வைத்துப் படுத்தால் பாயோடு இழுத்துத் திருப்பிவிடுகிற தாயிடம் வளர்ந்தவன் அவன். நாலு வயதுப் பிள்ளையை அப்படிக் கிடத்தியிருப்பார்களா என்று யோசித்து, நல்ல திசை என்று, நின்ற கல்லுக்குக் கிழக்குப் பக்கத்தில் கிண்டி நட்டான். மண்ணை மிதித்து, மேலே சருகையும் தூவினான்.

றுக்கியா முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தார். இரண்டு கல்லையும் பார்த்தார். அவனுடைய கையைப் பார்த்தார்.

“மகன்,” என்றார். குரலில் கோபம் இல்லை. “நாங்க மையத்த வடக்க தலை வச்சு, மேற்க முகம் பாத்துத்தான் அடக்கிற. கிழக்கு மேற்கா ஒரு முஸ்லிமும் கபுறுக்குள்ள கிடக்கிறல்ல. இந்தக் கல்லு எங்க இருந்து வந்த?”

அப்படியே பூமி பிளந்து விழுங்கினால் நல்லாயிருக்கும் போல இருந்தது அவனுக்கு. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். அரசனின் ஆசனத்தைச் சொன்னான். அதில் ஆட்கள் குந்தியதையும் சொன்னான். மறைக்க இனி என்ன இருக்கிறது.

றுக்கியா ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“நீங்க பிடுங்கின கல்லு இதுக்கு வடக்கால நிண்டதா, தெக்கால நிண்டதா? அத மட்டும் சொல்லுங்க. புள்ள எந்தப் பக்கம் எண்டு எனக்குத் தெரியோணும்.”

“தெரியாது அம்மா,” என்றான். அந்த இடத்தில் நின்று அந்தச் சொல்லை அவன் சொன்னது அன்றைக்குத்தான்.

தெரிந்துகொள்ள ஒரு வழி மட்டும் இருந்தது. அது ஞாபகம் வந்தபோது, வராமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தான். போனை எடுத்துப் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் போய், கல்லைக் கிளப்புவதற்கு முன் எடுத்த அந்த முதல் நாள் படத்தைக் கண்டுபிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரிடம் நீட்டினான்.

பின்னால் தூண்கள். தூண்களுக்குக் கிட்ட நின்ற கல்லில் யதுர்ஷன் அரசன் மாதிரி நிமிர்ந்து இருந்தான். காலை நீட்டி மற்றக் கல்லின் மேல் போட்டிருந்தான். இரண்டு பக்கமும் வெள்ளைக்காரப் பெடியள். வாய் கொள்ளாத சிரிப்பு.

“இதில இருக்கிறது நீங்கதானே?”

“ஓம் அம்மா.”

“மூலை உடைஞ்ச கல்லுல இருக்கிறீங்க. இண்டைக்கு நீங்க கொண்டுவந்ததும் மூலை உடைஞ்சதுதான். அப்ப தூண் பக்கம், வடக்கால நிண்டது. தலைமாட்டுக் கல்லு.” படத்தில் நீட்டிக்கிடந்த அவனுடைய காலுக்குக் கீழே விரலை வைத்தார். “புள்ள இதுக்குள்ள.”

அவர் காட்டிய இடத்தில் அவன் கல்லை மாற்றி நட்டான். அவர் தலைமாட்டில் இருந்து ஓதி முடியும் வரைக்கும் ஓட்டோவடியில் போய்க் கூனிக் குறுகி நின்றான். வெயில் அறைந்தது. சீற்றில் ஏறி இருக்க மனம் வரவில்லை.

திரும்பி வந்த றுக்கியா, “அந்தப் படத்த எனக்கு அனுப்பேலுமா, மகன்?” என்று கேட்டார்.

“இப்ப புதுசா ஒண்டு எடுத்துத் தாறன் அம்மா. வடிவா எடுக்கலாம்.”

“இப்ப நிக்கிறது நீங்க நட்ட கல்லு. அதுல நிக்கிறது அவட வாப்பா நட்ட கல்லு. அந்த மனுசனும் இல்ல, புள்ளையிட படம் எண்டு ஒண்டும் எங்களிட்ட இல்ல.” போனைத் திருப்பிக் கொடுத்தார். “உங்கள மட்டும் அதுல இருந்து வெட்டிட்டு அனுப்புங்க.”

யதுர்ஷன் வெட்டப் பார்த்தான். வெள்ளைக்காரரை இரண்டு பக்கமும் வெட்டிவிட முடிந்தது. தன்னை வெட்டினால் தலைமாட்டுக் கல்லும் சேர்ந்து போனது. மேலால் வெட்டிப் பார்த்தான், கீழால் வெட்டிப் பார்த்தான். தலையை வெட்டினாலும் கால் அங்கேயே கிடந்தது.

“ஏலாது அம்மா,” என்றான். அந்தச் சிரிப்போடேயே அனுப்பினான்.