சூடான தரை

மழைக்காலம் வந்தால் குமாசி நகரத்து மரப்பேட்டையில் எங்கள் பிழைப்பு நாறிவிடும். ஆலைகள் கழித்துக் கொட்டும் மரத்தூளை மரவள்ளிக் கஞ்சியில் பிசைந்து, அச்சில் அழுத்தி, அடுப்புக்கட்டியாக விற்கிறோம், நானும் என் புருஷன் போவாஹெனும். தூள் ஈரமாக இருந்தால் கட்டி உதிர்ந்துவிடும்.

இந்த வருஷம் எங்களுக்கு யோகம். பழைய தூள்மேட்டின் ஒரு பக்கம் எவ்வளவு மழை கொட்டினாலும் உள்ளே மொறுமொறுவென்று காய்ந்தே கிடந்தது, தொட்டால் இளஞ்சூடு. மேலே லேசாகப் புகைந்தது. மழையில் எந்த மேடுதான் ஆவி விடாது என்று இருந்துவிட்டோம். அதன் மேலேயே தகரக் கொட்டகையும் போட்டோம். கைக்குழந்தை அடோமாவைப் பாயில் கிடத்தினால் போர்வையே வேண்டாம்.

பக்கத்தில் எங்களைப்போலவே கட்டி அச்சடிக்கும் அஃப்ராகோமாவுக்கு வயிற்றெரிச்சல்.

"ஏண்டி செர்வா, உனக்கு மட்டும் சாமி தரைக்கடியில அடுப்பு மூட்டி வெச்சிருக்கா?"

"ஆமாக்கா, வாங்க, உங்களுக்கும் ஒரு பாய் போடுறேன்."

அன்று காலை குழந்தை உள்ளே தூங்கினாள். கொட்டகைக்குப் பின்னால் தூள் அள்ளப் போன போவாஹென் மண்வெட்டியை ஓங்கிப் போட்டான். மண்வெட்டி உள்ளே போயிற்று. கூடவே அவன் காலும் முழங்கால்வரை போயிற்று. அவன் போட்ட அலறலில் அச்சைப் போட்டுவிட்டு ஓடினேன்.

நானும் அஃப்ராகோமாவும் பலகை போட்டு அவனை இழுத்தெடுத்தோம். ரப்பர் செருப்பு உருகிப் பாதத்தோடு ஒட்டியிருந்தது. குழிக்குள் எட்டிப் பார்த்தேன். மேடு உள்ளே வெறும் பொந்து. அடியில் கங்கு செக்கச்செவேலென்று, கொட்டகைப் பக்கமாகவே நீண்டுகொண்டு போனது.

"செர்வா... புள்ள!" என்றான் போவாஹென். அவனால் எழ முடியவில்லை.

ஓடப் போன என் இடுப்புத் துணியை அஃப்ராகோமா பிடித்து இழுத்தாள்.

"நடக்காதடி பாவி! பலகையைப் போட்டுப் படுத்து ஊர்ந்து போ!"

ஊர்ந்தேன். பலகை ஒவ்வொரு அசைவுக்கும் அமுங்கியது. அடோமா வாயில் விரலை வைத்துக்கொண்டு சுகமாகத் தூங்கினாள். பாயோடு சேர்த்து வாரி இழுத்துக்கொண்டு பின்னோக்கியே நகர்ந்தேன். வெளியே வந்து திரும்பினால் கொட்டகையின் நடுத்தரை சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

குழந்தை குளிரில் வீறிட்டாள். போர்த்தலாம் என்று பாயை உருவினேன். அதன் அடிப்பக்கம் அவள் படுத்திருந்த அளவுக்குக் கருகிப் பழுப்பேறியிருந்தது.

முந்தின ராத்திரிகூட அந்தச் சூட்டுக்காகச் சாமிக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் அவளை அதில் கிடத்தினேன்.