அண்ணியும் நாத்தனாரும் துண்டு போட்டுப் பேசிய பேரம்

மணப்பாறைச் சந்தையில் அம்மணி தோளில் துண்டோடு நடந்து வருகிறாள் என்றால், மாட்டை விற்க வந்தவன் முதலில் தன் மனசைத் தேற்றிக்கொள்வான்; அப்புறம்தான் மாட்டைத் தட்டிக்கொடுப்பான். அப்படிப்பட்ட தரகு அவளுடையது. மாமனாரிடம் கற்ற தொழில். புருஷன் சேதுராமனுக்கு மாட்டைக் கண்டாலே தும்மல் பிய்த்துக்கொண்டு வரும். அவர் பொன்மலைப் பட்டறையில் ரயில் பெட்டிகளோடு காலம் தள்ளிவிட்டு ஓய்வு பெற்றார். மாமனாரின் துண்டு மருமகள் தோளுக்கு வந்தது.

அந்தத் துண்டுக்கு ஒரு வேலை உண்டு. சந்தையில் விலையை வாய்விட்டுச் சொன்னால் சுற்றி நிற்கிறவன் கெடுத்துவிடுவான். அதனால் வாங்குகிறவனும் விற்கிறவனும் கையைக் கோத்துக்கொள்ள, மேலே துண்டு விழும். உள்ளே விரல்கள் பேசும். வெளியே இரண்டு பேரும் மழையைப் பற்றியோ மருமகளைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பார்கள். துண்டுக்குள் முடிந்த பேச்சை மாற்றிப் பேசியவனோடு மறுபடி எவனும் கை கோக்கமாட்டான்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் காலை, தென்னூர் வீட்டில் அம்மணி சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் நாத்தனார் ரெங்கம்மாளின் மருமகள் பானு.

"பெரியம்மா, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"நானும் சாம்பாரும்தான். சொல்லு."

"அத்தைக்கு இடது மார்ல ஒரு கட்டி. நெல்லிக்காய் அளவுல இருக்காம். ஆடிப்பெருக்குக்கு முன்னாடியே பாத்துட்டாங்க. யாருக்கும் தெரியாம மஞ்சளைக் குழைச்சுப் பத்து போட்டுக்கிட்டு இருக்காங்க. ஆஸ்பத்திரின்னு வாயெடுத்தாலே பூக்கூடையை எடுத்து இடுப்புல வச்சுக்கிட்டுக் கிளம்பிடுறாங்க. நீங்கதான் ஏதாவது பண்ணணும்."

அம்மணி அடுப்பை அணைத்தாள். கடுகு வெடித்து ஓய்ந்தது. பேரத்தில் பயந்தவன் தோற்றான் என்பது மாமனார் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அன்றைக்கு அவளுக்கு அந்தப் பாடம் மறந்துபோயிற்று. ரெங்கம்மாள் அவளைவிட இளையவள். இருவரும் சண்டை போட்டுக்கொள்ளாத தீபாவளி இதுவரை கிடையாது. சண்டை போட ஆள் இல்லாத தீபாவளியை நினைத்துப் பார்த்தாள். சகிக்கவில்லை. சாம்பாரை அப்படியே விட்டுவிட்டுப் புடவை மாற்றினாள்.

ரெங்கம்மாளின் பூக்கடை ராஜகோபுரம் தாண்டிக் கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கிறது. பக்கத்தில் காத்தானின் தேங்காய்க்கடை. நடுவில் ஒரு சாக்குப் படுதா. சாக்குக்கு அந்தப் பக்கம் காத்தானின் காது. அந்தக் காதில் விழுந்தது உத்திர வீதி, சித்திரை வீதி எல்லாம் சுற்றிவிட்டு ராத்திரிக்குள் பெருமாளுக்கே போய்விடும்.

"வாங்க அண்ணி, மாடு வாங்க வந்தீங்களா? இங்க கோயில் யானைதான் இருக்கு. அதை விக்கமாட்டாங்க" என்றாள் ரெங்கம்மாள், பூக்கட்டும் கையை நிறுத்தாமல்.

"உன்னைப் பாக்க வந்தேன்டி."

"பாத்தாச்சுல்ல. இந்தாங்க துளசி. பெருமாளையும் பாத்துட்டுக் கிளம்புங்க."

அம்மணி பூக்கூடையை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள். "பானு சொன்னா."

ரெங்கம்மாளின் விரலிலிருந்து நார் நழுவியது. "அவ வாயை இந்த நாராலதான் கட்டணும்."

"நாலு மாசமா மூடி வச்சிருக்கியே, நீ மனுஷியா?"

"மெதுவா பேசுங்க. வலிக்கவே இல்ல அண்ணி. வலிச்சாத்தானே வியாதி?"

"ஏன்டி, நீ யார் வீட்ல பொறந்தவ? மடி பாக்காம உங்கப்பா ஒரு கறவையை வாங்கியிருப்பாரா? மடியில கல்லு மாதிரி ஒண்ணு தட்டுப்பட்டா பத்து போடுவோமா, டாக்டரைக் கூப்பிடுவோமா?"

"நான் ஒண்ணும் மாடு இல்ல."

"அதான் கஷ்டம். மாடுன்னா இந்நேரம் வண்டியில ஏத்தியிருப்பேன்."

சாக்குக்கு அந்தப் பக்கம் தேங்காய் உரிக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது. ரெங்கம்மாள் கண்ணாலேயே படுதாவைக் காட்டி, வாயை அழுத்தமாக மூடிக்கொண்டாள். இனி கெஞ்சினாலும் ஒரு சொல் வராது. மாரைப் பற்றிய பேச்சு அந்தப் படுதாவைத் தாண்டுவதைவிட, தானே உலகத்தைத் தாண்டிப் போவது மேல் என்று நினைக்கிற ரகம் அவள்.

அம்மணி தோளிலிருந்த துண்டை எடுத்தாள். நாத்தனாரின் கையை இழுத்துத் தன் கையோடு கோத்து, மேலே போட்டாள்.

ரெங்கம்மாள் தரகர் வீட்டுப் பெண். பாவாடை கட்டிய காலத்திலேயே அப்பாவின் விரல் பாஷை அத்துபடி. துண்டு விழுந்ததும் அவளையும் அறியாமல் விரல்கள் விழித்துக்கொண்டன. ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை என்று, திங்களிலிருந்து எண்ணி, அம்மணி இரண்டாவது விரலை அழுத்தினாள்: செவ்வாய். உடனே உதறல். செவ்வாய்க்கிழமை அம்மனுக்கு மாலை. மூன்றாவது விரல்: புதன். அன்றைக்கு ஏகாதசி. வியாழனுக்குத் துளசி வாங்குகிறவர்கள், வெள்ளிக்கிழமை தாயார் சன்னதிக் கூட்டம், சனிக்கிழமையைக் கேட்கவே வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் பூ விற்கிறவளுக்குச் சாவதற்குக்கூட நாள் கிடைக்காது.

"என்னக்கா, கடையிலயே துண்டு போட்டுட்டீங்க?" படுதாவை விலக்கி எட்டிப் பார்த்தான் காத்தான். "என்ன மாடு?"

"முரட்டு மாடு காத்தான். கயித்துக்கு வரமாட்டேங்குது."

"சுழி சுத்தமா?"

"சுழியெல்லாம் சுத்தம்தான். வாய்தான் கொஞ்சம் நீளம்."

ரெங்கம்மாள் துண்டுக்குள் நறுக்கென்று கிள்ளினாள். அது பாஷையில் இல்லாத சொல். ஆனால் கிள்ளிய கை விலகிப் போகவில்லை. ஈரமாகவும் சில்லென்றும் இருந்தது. பூவில் தெளித்த தண்ணீரா வேர்வையா என்று அம்மணிக்குத் தெரியவில்லை. பிறகு ரெங்கம்மாளின் சுண்டுவிரல் வந்து அம்மணியின் சுண்டுவிரலைப் பின்னிக்கொண்டது.

அவர்கள் வீட்டுப் பாஷையில் அதற்கு 'மாத்து' என்று பொருள். உன் மாடு எனக்கு, என் மாடு உனக்கு. அதாவது, நான் காட்டவேண்டும் என்றால் நீயும் காட்டவேண்டும்.

தனக்குத்தான் ஒன்றுமில்லையே, அங்கே போய் எதையாவது சொல்லி நழுவிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு, அம்மணி விரலை இறுக்கினாள். கூட்டம் குறைவான திங்கட்கிழமை என்று நாள் முடிந்தது.

*

தென்னூர் ஆஸ்பத்திரியில் பெண்களுக்கென்று தனி வாசல். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்து வந்திறங்கிய ரெங்கம்மாள், முகத்தை முந்தானையால் பாதி மூடியிருந்தாள். அம்மணி வாசலிலேயே காத்திருந்தாள்.

"போ, உன்னைத்தான் கூப்பிடுறாங்க."

"முதல்ல நீங்க."

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையேடி. நான் எதுக்கு டாக்டர் நேரத்தை வீணாக்கணும்?"

"அப்போ துண்டுக்குள்ள விரலை இறுக்கினது யாரு? அப்பா இருந்திருந்தா உங்க தோள்லேர்ந்து அந்தத் துண்டை உருவியிருப்பாரு." ரெங்கம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள். "பஸ் இருக்கு. நான் வரேன்."

முப்பது வருஷத் தரகில் அம்மணியை யாரும் இப்படிக் கட்டிப்போட்டதில்லை. வேறு வழியில்லாமல் உள்ளே போனாள்.

டாக்டர் ஆபிதா சின்ன உருவம், நிதானமான பேச்சு. படுக்கவைத்து, மேலே பச்சைத் துணி ஒன்றைப் போர்த்தி, "கையால தொட்டுப் பாக்கப்போறேன், பயப்படாதீங்க" என்று துணிக்குள் கையை விட்டார். அவ்வளவுதான். துணிக்குள் ஒரு கை வந்ததும் அம்மணியின் வலது கை தன்னால் எழுந்து, டாக்டரின் மூன்று விரல்களைக் கெட்டியாகப் பிடித்து, இரண்டு தடவை அழுத்திவிட்டது.

"என்னம்மா இது?"

"மன்னிச்சுக்கங்க டாக்டர். துணிக்குள்ள கை வந்தா என் கை விலை சொல்லிடும். பழக்கதோஷம்."

"எவ்வளவு சொல்லியிருக்கீங்க?"

"பாதிக்குக் கேட்டிருக்கேன்."

"நான் இன்னும் விலையே சொல்லலையே!"

"சொன்னதுக்கப்புறம் கேட்டா அது பேரமே இல்ல டாக்டர்."

ஆபிதா சிரித்து முடித்துத் தன் விரல்களை மீட்டுக்கொள்ளச் சற்று நேரமாயிற்று. "கைக்கு ஒண்ணும் தட்டுப்படலை. ஆனா கைக்குத் தட்டுப்படாததுகூட படத்துல தெரியும். படமும் எடுத்துடுவோம்" என்று அடுத்த அறைக்கு அனுப்பினார்.

அங்கே லின்சி என்ற பெண் ஒரு மிஷினோடு காத்திருந்தாள். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. அம்மணிக்குச் சப்பாத்தி அமுக்குகிற கட்டை ஞாபகம் வந்தது.

"இதுக்குள்ளயாம்மா வைக்கப்போற?"

"ஆமாம்மா. கொஞ்சம் அமுக்கும். அமுக்கினாத்தான் படம் தெளிவா விழும். மூச்சைப் பிடிச்சுக்கங்க."

"கொஞ்சம்னா எவ்வளவு? நீ சொல்ற கொஞ்சமா, நான் நினைக்கிற கொஞ்சமா?"

பதிலுக்குத் தட்டு இறங்கியது. மணப்பாறையில் எத்தனையோ மாட்டுக்கு வைத சொற்களையெல்லாம் அம்மணி மூச்சோடு சேர்த்து உள்ளேயே பிடித்துவைத்துக்கொண்டாள். அடுத்த பக்கம் எடுத்தபோது அவற்றில் ஒன்றிரண்டு வெளியே வந்துவிட்டன. லின்சி காதில் விழாத மாதிரி இருந்தாள். பழகியவள்.

வெளியே ரெங்கம்மாள் பெஞ்சின் நுனியில், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் போல உட்கார்ந்திருந்தாள். "வலிச்சுதா அண்ணி?"

அம்மணி வாயைத் திறந்தாள். ஒச்சத்தை மூடி, குணத்தை விரித்துச் சொல்லியே வாழ்ந்த வாய். கிழட்டு மாட்டை, அனுபவமுள்ள மாடு என்று விற்ற வாய். 'ஒண்ணுமே தெரியலடி, பூ மாதிரி இருந்துச்சு' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருப்பவளோ பூக்காரி. வாடின பூவைத் தண்ணீர் தெளித்து விற்கிற தந்திரம் அத்தனையும் தெரிந்தவள். அந்தப் பொய்யை மோந்து பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

"வலிச்சுது" என்றாள் அம்மணி. "தட்டை இறக்கி நல்லா அமுக்குறாங்க. லின்சியைக் கெட்ட வார்த்தையில திட்டிட்டேன். ஆனா திட்டி முடிக்கிறதுக்குள்ள தட்டைத் தூக்கிட்டா. கூச்சமாவும் இருந்துச்சு. உள்ள எல்லாம் பொம்பளைங்கதான். வெளியில வந்தா வலி இல்ல."

"நீங்க ஒரு சரக்குக்குக் குறை சொல்லி இப்பத்தான் கேக்குறேன்" என்ற ரெங்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில், "ரங்கநாதா!" என்று ஒரு குரல் கதவைத் தாண்டி வந்தது. அம்மணி கண்ணை மூடிக்கொண்டாள். தட்டு இறங்கிவிட்டது.

ஊசி வைத்துக் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு தெரிந்த அன்று டாக்டர் சுற்றிவளைக்கவில்லை.

"புற்றுநோய்தான் ரெங்கம்மா. நாலு மாசம் வீணாப் போயிருக்கு. ஆனாலும் இன்னும் வேற எங்கயும் பரவலை. இப்பவே எடுத்துட்டா நல்லா ஆயிடலாம். அப்புறம் மருந்து, கதிர்வீச்சுன்னு கரண்ட் வைக்கிறது எல்லாம் இருக்கு. வர்ற வாரமே ஆபரேஷன்."

ரெங்கம்மாள் அழுவாள் என்று அம்மணி கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தாள். அவளோ நிமிர்ந்து உட்கார்ந்து, "வைகுண்ட ஏகாதசி முடியட்டும் டாக்டர். வருஷத்துல எனக்கு அதுதான் வியாபாரம். சொர்க்கவாசல் திறந்து, கூட்டம் கலைஞ்சதும் நானே வந்து படுத்துக்கிறேன்" என்றாள்.

"ஏகாதசி வருஷா வருஷம் வரும்மா. அதைப் பாக்க நீங்களும் வரணும்ல?"

"சரி, ஏகாதசிக்கப்புறம் வர்ற ராப்பத்து பத்து நாளும் வேணாம். ஏகாதசி வரைக்கும் மட்டும்."

"வர்ற வாரம்."

ரெங்கம்மாள் உதவிக்கு அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். பேரத்தில் அண்ணியை மிஞ்சிய ஆள் ஜில்லாவில் இல்லை.

"கடையில நான் உக்காருறேன்" என்றாள் அம்மணி.

"நீங்களா? உங்களுக்கு முழம் போடத் தெரியுமா?"

"அழுதுக்கிட்டே சொல்லிக் கொடு, கத்துக்கிறேன்." ரெங்கம்மாள் அப்போதுதான் அழுதாள்.

கிளம்பும்போது டாக்டர் அம்மணியின் படத்தையும் எடுத்துக் காட்டினார். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல. அடுத்த வருஷம் வாங்க."

"ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு டாக்டர் திரும்ப?"

"ஒண்ணும் இல்லாதப்போ வர்றதுதான்மா சோதனை. இருக்கிறப்போ வந்தா அது வைத்தியம்."

"ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வச்சுக்கலாமே?"

ஆபிதா தன் கையைப் பத்திரமாக மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம்" என்றார்.

*

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஏகாதசிக் கூட்டத்தில் அம்மணி பூக்கடையில் உட்கார்ந்தாள். அவள் முழம் போட்ட அழகில் ஒருத்திக்குப் பூ கொண்டையைச் சுற்றி வந்தது, அடுத்தவளுக்குக் காதைக்கூட எட்டவில்லை. விலை குறைத்துக் கேட்டவர்களிடம் அவள் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்ததில், இரண்டு மாமிகள் கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆனால் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. ரெங்கம்மா எங்கே?

கடைப்பக்கம் திரும்பி நின்று போன் போட்டாள். "எல்லாரும் கேக்குறாங்கடி. ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லட்டுமா?"

"ஏகாதசியன்னிக்கு ஸ்ரீரங்கத்துப் பூக்காரி எந்த ஊருக்குப் போவா? ஓடிப்போயிட்டான்னு கட்டிவிடுவாளுங்க." மறுமுனையில் கொஞ்சம் மூச்சு வாங்கியது. "இருக்கிறதைச் சொல்லுங்க அண்ணி. காத்தானுக்கு நல்லாக் கேக்குற மாதிரியே சொல்லுங்க. ஊர் முழுக்க நாம அலைய வேணாம்."

அம்மணி திரும்பினாள். தாழம்பூ நிறப் பட்டுப்புடவையில் ஒரு மாமி, லால்குடியிலிருந்து குடும்பத்தோடு வந்த இரண்டு பெண்கள், கல்லூரிப் பெண் ஒருத்தி, பால்காரம்மா.

"ரெங்கம்மாவுக்கு மார்ல புத்துக்கட்டி. ஆபரேஷன் பண்ணியிருக்கு. நல்லாயிருக்கா" என்றாள், சந்தைக் குரலில்.

படுதாவுக்கு அந்தப் பக்கம் காத்தான் உடைத்த தேங்காய்த் தண்ணீர் அவன் காலிலேயே கொட்டியது. வாங்கிய பூவோடு ஒவ்வொருத்தராக நகர்ந்தார்கள். சொல்லியிருக்கக்கூடாதோ என்று நினைத்தபடி அம்மணி நார்ச் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பட்டுப்புடவை மாமி திரும்பி வந்தாள். துளசியைப் புரட்டிப் பார்க்கிற சாக்கில் குனிந்தாள்.

"எந்த ஆஸ்பத்திரின்னு சொன்னேள்?"

அம்மணி பதில் சொல்வதற்குள், லால்குடிக்காரப் பெண்கள் இரண்டு பேரும் மாமிக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.