நெஞ்சில் குத்திய தேயிலைப் பூ

தண்ணீர் விழும் பீலியடியில் குடத்தோடு நின்ற கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. செல்லசாமிக் கங்காணி ஒரு பிஸ்கட் டின்னை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். கோயிலுக்குப் பொங்கப்பானை தூக்கிப் போகும்போதுகூட மனிதர் அத்தனை பவ்வியமாக நடந்ததில்லை. டின்னுக்குள் இருந்தவை தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கொடுத்தனுப்பிய சிவப்புக் காகிதப் பூக்கள்.

"ஆண்டியப்பா, நாளைக்கு மேட்சில நீங்க பதினோரு பேரும் இத நெஞ்சில குத்திக்கணுமாம். சண்டையில செத்த வெள்ளக்காரச் சிப்பாய்ங்க நெனவுக்கு. தொரை உத்தரவு."

ஆண்டியப்பன் அந்த அக்கரப்பத்தனைத் தோட்டத்தின் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்பவன்; தோட்டத்துப் பந்தாட்டக் குழுவின் தலைவன். தியத்தலாவை முகாமுக்கு ஓய்வெடுக்க வந்திருந்த ஆங்கிலேயக் கடற்படைக்காரர்கள் மறுநாள் இங்கே ஆட வருகிறார்கள். நாட்டுக்கு நாடு மோதும் ஆட்டம் என்று துரை ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தார். தோட்டத்து அணிக்கு 'சிலோன்' என்றே பெயர் சூட்டியாகிவிட்டது. சுதந்திரம் வந்த கையோடு குடியுரிமை கிடையாது என்று ஒதுக்கப்பட்ட பதினொரு பேர் அதே நாட்டின் பெயரால் ஆடப்போகிறார்கள். இந்தக் கூத்தை நினைத்துச் சிரிக்கக்கூட லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் நேரமில்லை.

கங்காணி குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு எல்லாம் ஒழுங்கா நடந்தா ஒனக்குக் கணக்கப்பிள்ளை வேலை. தனி வீடு. தொரையே சொன்னாரு."

தனி வீடு என்றதும் ஆண்டியப்பன் மலையை நிமிர்ந்து பார்த்தான். போன வருஷம் ஆனி மழையில் அந்தச் சரிவு பெயர்ந்து கீழ் லயத்தின் மேல் விழுந்தது. செத்தவர்கள் ஏழு பேர். அதில் அவன் மனைவி பூரணியின் அக்கா வீரம்மா ஒருத்தி. கங்காணியின் மகள் அழகம்மா ஒருத்தி. மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது என்று ஒரு மாதத்துக்கு முன்பே துரையிடம் சொன்னார்கள். பார்க்கலாம் என்றார் துரை. பார்த்தது மலைதான். செத்தவர்களின் பெயரை வெட்டி ஒரு கல் நடலாமா என்று கேட்டபோது, தோட்டத்து மண்ணில் அதெல்லாம் கூடாது என்று ஆபீஸ் சொல்லிவிட்டது. இப்போது ஆண்டியப்பனும் பூரணியும் இருக்கும் ஒற்றை அறைக் காம்பராவும் அதே மலையின் அடியில்தான் இருந்தது. மழை பெய்யும் இரவுகளில் இருவரும் தூங்குவதில்லை. தனி வீடு என்றால் அவனுக்கு அந்தஸ்து அல்ல, உயிர்.

சாயங்காலம் பூரணி கூடை நிறைய வேறொரு பூவைக் கொண்டுவந்தாள். வெள்ளை இதழ், நடுவே மஞ்சள். தேயிலைப் பூ. கொழுந்து பறித்துக்கொண்டே இருந்தால் தேயிலை பூக்காது. சரிந்த அந்த மலையில் பெண்கள் கால் வைக்க மறுத்துவிட்டதால், அங்கே மட்டும் செடிகள் தம் இஷ்டத்துக்கு வளர்ந்து பூத்துக் கிடந்தன.

"இதையும் குத்திக்குங்க," என்றாள்.

"தொரை ஏதாச்சும் சொல்வாரு புள்ள."

"தொரையோட பூவக் கழட்டச் சொன்னேனா? அவுங்களும் பெத்த புள்ளைங்களப் பறிகுடுத்தவங்கதானே. அது பாட்டுக்கு இருக்கட்டும். பக்கத்துல எங்கக்காவுக்கும் கொஞ்சம் எடம் குடுங்கன்னுதான் சொல்றேன்."

மறுநாள் பதினொரு பேரும் இரண்டு பூக்களோடு மைதானத்தில் இறங்கினார்கள். துரையின் கண் வெள்ளைப் பூவில் போய்க் குத்தி நின்றது. கங்காணியைக் கூப்பிட்டு விசாரித்தார். கங்காணி தலையைச் சொறிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். துரை நேரே ஆண்டியப்பனிடம் வந்தார்.

"அந்தப் பூ எடு. இது பெரிய மேட்ச். விளையாட்டிலே பொலிடிக்ஸ் வேணாம்."

ஆண்டியப்பனுக்கு மழை இரவுகள் நினைவுக்கு வந்தன. தனி வீடு நினைவுக்கு வந்தது. கை தானாக மேலே போய்ப் பூவைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டது. தலைவன் கழற்றினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். மேட்டில் நின்ற பூரணியின் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

ஊதுகுழல் ஒலித்தது. சிப்பாய்களுக்காக இரண்டு நிமிட மௌனம். அப்போதுதான் ஆண்டியப்பன் மேட்டைப் பார்த்தான். கூடை தூக்கித் தூக்கி முன்நெற்றி வழுக்கையாகிப்போன பெண்கள் அத்தனை பேரும் எழுந்து தலை குனிந்து நின்றார்கள். முன்பின் அறியாத யாரோ பெற்ற பிள்ளைகளுக்காக நின்றார்கள். மண்ணுக்குள் போன தங்கள் ஏழு பேருக்காக நிற்கும்படி ஒருநாளும் யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. அவனுக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

ஆட்டம் தொடங்க விசில் ஒலித்தது. ஆண்டியப்பன் நகரவில்லை. பையிலிருந்த பூவை எடுத்தான். கசங்கியிருந்தது. அப்படியே சிவப்புப் பூவின் பக்கத்தில் குத்திக்கொண்டு மறுபடி தலை குனிந்தான். அவனைப் பார்த்துப் பத்துப் பேரும் அப்படியே செய்தார்கள். இரண்டாம் விசிலுக்கும் ஒருவரும் அசையவில்லை. பந்தை உதைக்கக் காலைத் தூக்கிய கடற்படைக்காரன் காலைக் கீழே வைத்தான். அவர்களில் சிலர் என்னவென்று புரியாமலே தாங்களும் நின்றார்கள். ஒருவன் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான்.

துரை முகம் சிவந்து உள்ளே ஓடிவந்தார். "ஏய்! என்ன இது?"

"ரெண்டு நிமிசங்க தொரை," என்றான் ஆண்டியப்பன். "ஒங்க ஆளுங்களுக்கு நாங்க நின்னோம். இப்ப எங்க ஆளுங்களுக்கு நிக்கிறோம்."

"பொலிடிக்ஸ்!"

"நீங்க அழுதா அது மரியாதை, நாங்க அழுதா அது பொலிடிக்ஸா? ஒண்ணு இந்த ரெண்டு பூவும் இருக்கட்டும். இல்ல, ரெண்டையும் கழட்டச் சொல்லுங்க. முதல்ல ஒங்க கோட்டுல இருக்கறதக் கழட்டுங்க."

மேட்டில் பூரணி இன்னும் உட்காரவில்லை. யாருமே உட்காரவில்லை. விருந்தாளிகளுக்கு முன்னால் துரையால் அதற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை. ஆட்டம் நடந்தது. தோட்டத்து அணி தோற்றது. ஆனால் லயத்துக்குத் திரும்பியவர்களைப் பார்த்தால் தோற்றவர்கள் போலத் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் துரை சத்தம் போடவில்லை. ஆண்டியப்பனுக்கு ஸ்டோரில் இனி வேலை இல்லை, செடி வெட்டும் கவ்வாத்துக்குப் போகட்டும் என்றார். கணக்கப்பிள்ளை வேலையும் தனி வீடும் வந்த வழியே போயின. முதல் வேலை, சரிந்த அந்த மலை. "அங்கே பூ ரொம்ப இருக்கு. எல்லாம் வெட்டு."

அவன் வெட்டினான். வெட்டும்போது கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொண்டு வெட்டினான். கீழ் லயம் இருந்த இடத்துக்கு மேலே வந்ததும் கத்தியை நிறுத்தினான். அங்கே பூத்து நின்ற செடிகளில் ஏழு செடிகளை மட்டும் விட்டுவிட்டான்.

மத்தியானம் செல்லசாமிக் கங்காணி பார்வையிட வந்தார். "ஏன்டா நிறுத்திட்டே? இதுங்கள யாரு வெட்டுறது?"

"இந்த ஏழு செடியையும் வெட்டமாட்டேங்க. யாரு சாவ நெனைக்கணும், யாரு சாவ மறக்கணும்னு இன்னொருத்தர் நமக்கு உத்தரவு போடக்கூடாது. நேத்து ஒரு வீட்டுக்கு ஆசப்பட்டு நானே பூவக் கழட்டுனவன். நம்ம செத்தவங்கள நாமளே கழட்டிப் பைக்குள்ள போட்டா, ஊரான் எதுக்கு மதிக்கப்போறான்? போய்த் தொரைகிட்ட சொல்லுங்க."

மகளை அடக்கம் பண்ணிய மறுநாளே பெரட்டுக்கு வந்து நின்ற மனிதர் கங்காணி. தடியால் ஒவ்வொரு செடியாகத் தொட்டுக்கொண்டே போனார். கடைசிச் செடிக்கு அருகில், இன்னும் வெட்டாமல் நின்ற ஒரு சின்னச் செடிமேல் தடியை வைத்தார்.

"ஏழு இல்லடா, எட்டு."

ஆண்டியப்பன் கத்தியைக் கீழே வைத்தான்.

"எம்மக அழகம்மா புள்ள பெத்து ஒம்பது நாளுதான் ஆச்சு. பேரு வைக்கல. பேரில்லாததை ஆபீசுல எப்படி எழுதுவான்? அவன் ஏழுன்னான், நானும் ஏழுன்னேன். ஊரே ஏழுன்னுச்சு." அந்தச் செடியிலிருந்து ஒரு பூவைப் பறித்துக் கோட்டில், நேற்றிலிருந்து கழற்றாத சிவப்புப் பூவுக்குப் பக்கத்தில் குத்திக்கொண்டார். "பேரு வைக்காததும் புள்ளதான். இதையும் விட்டுரு. தொரை கேட்டா, வெட்ட வேணாம்னு செல்லசாமி சொன்னான்னு சொல்லு."